கேட்க வராத கூட்டம்

என் மருமகள் மைக் பிடித்துப் பேசுவதற்குப் படிக்கிறாள் என்று எனக்குச் சொன்னவன் என் பங்காளி சின்னப்பையன். ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில், ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது சொன்னான்.

"இன்னாண்ணே, உன் மருமவ படப்பை காலேஜுல பேச்சு கத்துக்கினு கீதாமே. பஞ்சாயத்து எலெக்சன்ல நிக்க வெக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மிச்ச டீயைக் குடிக்க முடியவில்லை. செல்லக்கனி ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பைக்குப் போய் வருவது எனக்குத் தெரியும். கம்பெனியில் ஏதோ டிரெய்னிங் என்று என் மகன் விமல்ராஜ் சொல்லியிருந்தான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. இப்போது என் வீட்டு விஷயத்தை டீக்கடையில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் எங்கே இரண்டு பேர் நின்று பேசினாலும் அதைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

செல்லக்கனி சாத்தான்குளம் பக்கத்துப் பெண். படித்து முடித்து வேலைக்காக இங்கே வந்து, ஹாஸ்டலில் தங்கி, வல்லம் வடகாலில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தவள். விமல்ராஜும் அப்போது அங்கேதான் இருந்தான். இருவரும் விரும்பினார்கள். விஷயம் தெரிந்ததும் நானே ரயிலேறிப் போய், அவர்கள் வீட்டில் முறையாகப் பெண் கேட்டு, ஊரறியக் கல்யாணம் செய்து வைத்தேன். வரதராஜுலுவின் மகன் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்ற பேச்சு எழக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தேன். எங்கள் வீட்டைப் பற்றி ஊர் பேசுவதற்கு இடம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

அன்று அவள் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை. பட்டம் வாங்கியவர்களுக்கான ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்பு. 'சொல்வன்மையும் தலைமைப் பண்பும்' என்று பெயர். அவள் இப்போது லைன் லீடர். சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் இந்த மாதிரி ஒரு சான்றிதழ் இருப்பது நல்லது என்று கம்பெனியிலேயே சொன்னார்களாம். விமல்ராஜுக்குத் தெரியும், என் மனைவி தாயாரம்மாளுக்கும் தெரியும். எனக்கு மட்டும் பயந்துகொண்டு சொல்லவில்லை.

"பேசறதுக்கு எதுக்கும்மா படிப்பு?" என்றேன்.

"பேசுததுக்கு இல்ல மாமா. பயந்துக்கிட்டே பேசுததுக்கு," என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பயந்தவள் பேசாமல் இருப்பதுதானே நியாயம் என்று நினைத்தேன். ஆனால் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் சின்னப்பையன் சொன்னதற்காக நிறுத்தியதாக ஆகும்.

என்னுடைய பயம் என்னவென்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர் ஏரிப் பொங்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே வழியும் வருஷத்தில் மட்டும் அது நடக்கும். கலங்கலுக்குப் பக்கத்தில் கரையின் மேலேயே அடுப்பு மூட்டி எங்கள் வீட்டுப் பானையை ஏற்றுவோம். பானை பொங்கியதும் நான் பரிவட்டம் கட்டிக்கொண்டு அதைத் தலையில் சுமந்து, கரையோடு நடந்து, அந்தக் கோடியில் இருக்கும் அம்மன் கோயில் மேட்டுக்குப் போவேன். எனக்குப் பின்னால் சின்னப்பையன் வீடு. அவனுக்குப் பின்னால் ஊர். முதல் வீடான எங்கள் வீடு கரையை விட்டு இறங்கும்வரை வேறு ஒருவரும் இறங்கக் கூடாது. அதைத் தாண்டி யாரும் முன்னால் நடக்கக் கூடாது. பானையைப் பொங்காமல் அடுப்பிலிருந்து இறக்கவே கூடாது. இறக்கினால் முதல் மரியாதை அந்த வீட்டை விட்டுப் போய் அடுத்த வீட்டுக்குச் சேரும்.

யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் வயலெல்லாம் கம்பெனிகளுக்கு எடுக்கப்பட்ட பிறகு, ஊரில் நான் யார் என்று சொல்வதற்கு அது ஒன்றுதான் இருந்தது. சின்னப்பையன் அதற்காகக் காத்திருந்தான். கடைசியாக 2005 மழையில் பொங்கல் வைத்தபோது நான் அடுப்பை நேரம் தப்பி மூட்டினேன் என்று ஒரு மாதம் சொல்லித் திரிந்தான். என் வீட்டில் ஒரு சின்னப் பிசகு வந்தால் போதும் அவனுக்கு. ஏரிக்கரையில், அத்தனை பேர் நடுவில், வெளியூரிலிருந்து வந்த மருமகள் ஏதாவது பேசி வைத்தால் என்ன ஆகும்?

அவள் பேசிப் பழகுவதையும் கேட்டேன். இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் வாரங்களில் காலை வேளையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். உள்ளே அவளைத் தவிர யாரும் கிடையாது.

"நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்."

இந்த ஒரு வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஒரு முறை கெஞ்சுகிற மாதிரி, ஒரு முறை சண்டைக்கு வந்த மாதிரி, ஒரு முறை கடைக்காரரிடம் பருப்பு விலை கேட்கிற மாதிரி. வெளியே கொடியில் வேட்டியை உலர்த்திக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். யாரிடம் சொல்லப் போகிறாள்? எதைச் சொல்லப் போகிறாள்? தாயாரம்மாளிடம் கேட்டதற்கு, செல்லக்கனியுடைய வாத்தியாரம்மா ராஜாமணி என்பவர் அப்படித்தான் பழகச் சொல்லியிருக்கிறார் என்றாள். கடைசிப் பரீட்சை பேப்பரில் எழுதுவது கிடையாதாம். 'கேட்க வராத கூட்டம்' என்று அதற்குப் பெயராம். தன் பேச்சைக் கேட்பதற்காக வந்திராத ஒரு கூட்டத்தின் முன் நின்று பேசி, அவர்களை ஒரு காரியம் செய்ய வைக்க வேண்டும். பிறகு அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் வகுப்புக்கு வந்து, அந்தப் பேச்சைக் கேட்டுத் தான் என்ன செய்தார் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் பாஸா பெயிலா என்பது.

இவள் எந்தக் கூட்டத்தை நினைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

2015 ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தது, விட்டதை விடப் பெய்தது அதிகம். ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கார்த்திகை பிறந்ததும் பொங்கல் உறுதி என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் நான் சாப்பிட்டு எழுந்ததும் செல்லக்கனி வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். கோவப்படாதீய."

பொங்கல் அன்று கரையில் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று கேட்டாள். கலங்கல் கால்வாயைப் பற்றி. அவள் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற வழி அதுதான். கால்வாயை ஒட்டியிருந்த தன் நிலத்தைச் சின்னப்பையன் ஒரு குடோன்காரனுக்கு விற்றிருந்தான். குடோன்காரன் மதில் கட்டும்போது கால்வாயில் பாதியைத் தன் பக்கம் சேர்த்துக் கட்டிவிட்டான். இவ்வளவு தண்ணீர் வந்தால் அந்தச் சந்து வழியாக எப்படி வடியும் என்று கேட்டாள். ஊர் சேர்ந்து ஒரு மனு கொடுக்கும்படி செய்ய வேண்டும், அதுதான் தன் பேச்சு என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு இல்லை. கால்வாய் குறுகியது எனக்கும் தெரியும். ஆனால் சின்னப்பையன் விற்ற நிலத்தைப் பற்றி, என் பானை அடுப்பில் இருக்கும்போது, என் வீட்டுப் பெண் மைக்கில் பேசுவதா? அவன் அதற்காகவே உயிரை வைத்துக்கொண்டிருப்பவன். முதல் மரியாதையை வைத்துக்கொண்டு பங்காளியைச் சபையில் அவமானப்படுத்தினார்கள் என்று கிளப்புவான். முடியாது என்றேன். அதோடு விடவில்லை. என் அனுமதி இல்லாமல் கரையில் வாய் திறக்கக் கூடாது என்று அவளிடம் வாக்கும் வாங்கினேன்.

"அது இன்னா தப்பா கேட்டுச்சு?" என்றாள் தாயாரம்மாள் உள்ளேயிருந்து.

செல்லக்கனி என் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள். பிறகு, "சரி மாமா. உங்களைக் கேக்காமப் பேச மாட்டேன்," என்றாள். பரீட்சைக்குக் கம்பெனி கேண்டீனில் ஏதாவது பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பொங்கலுக்கு நாள் குறித்தோம். அதற்கு முந்தைய சில நாட்கள் மழை இல்லாமல் இருந்தது. கலங்கலில் தண்ணீர் நன்றாக வழிந்துகொண்டிருந்தது. அன்று காலையில் நாங்கள் கரைக்குப் போகும்போது வானம் மூடியிருந்தது, தூறல் மட்டும்தான். வீட்டில் யாரையும் விடாமல் ஊரே வந்திருந்தது. பத்து வருஷம் கழித்து நடக்கிற பொங்கல் இல்லையா. கைக்குழந்தைகளோடு வந்தார்கள். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தெற்கத்திப் பெண்களில் சிலரும் செல்லக்கனியோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். சின்னப்பையன் தன் டிராக்டரைக் கரை மேலேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, அதில் ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் கட்டி அம்மன் பாட்டுப் போட்டிருந்தான். கரை ஒரு வண்டி அகலம்தான். டிராக்டர் அதில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டது. விமல்ராஜுக்கு லீவு கிடைக்கவில்லை.

அடுப்பு மூட்டிய கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. நாலு பேர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டார்கள். விறகு ஈரம். புகைந்ததே தவிர எரியவில்லை. பானையில் தண்ணீர் சூடாகி ஓரத்தில் குமிழி விட்டது, அதோடு நின்றது. குடைகளுக்குக் கீழே எல்லோரும் நெருக்கிக்கொண்டு பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர் போனைப் பார்த்து, செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கப் போகிறார்களாம் என்று சொன்னார். இன்னொருவர் தாம்பரத்தில் ரோட்டில் பஸ் நிற்கிறதாம் என்றார். நான் ஏரியைப் பார்த்தேன். கலங்கல் தெரியவில்லை. வழிந்துகொண்டிருந்த இடம் ஏரியோடு ஏரியாக மூழ்கியிருந்தது. கால்வாயில் போக வழியில்லாமல் தண்ணீர் திரும்பி நிற்கிறது என்று புரிந்தது. உள்பக்கம் கரையின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

பிறகுதான் வெளிப்பக்கம் பார்த்தேன்.

நாங்கள் நின்ற இடத்துக்கும் கோயில் மேட்டுக்கும் நடுவில், கரைச்சரிவில் ஒரு ஒற்றைப் பனை. அதன் அடியில் எந்த வருஷமும் ஏரி நிரம்பினால் கொஞ்சம் தண்ணீர் கசியும். தெளிந்த தண்ணீர். காலையில் வரும்போதுகூடத் தெளிவாகத்தான் இருந்தது. இப்போது அது கொப்பளித்துக்கொண்டு வந்தது. செம்மண் நிறத்தில் வந்தது. கரைக்கு உள்ளே இருக்கிற மண்ணைத் தண்ணீர் தின்றுகொண்டிருந்தது. வயல் வைத்திருந்த யாருக்கும் அது என்ன என்று தெரியும். ஆனால் அந்தப் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பக்கம் கலங்கல் மூழ்கிவிட்டது, அதைக் கடக்க முடியாது. சரிவில் இறங்கினால் கீழே கால்வாயில் தேங்கிய தண்ணீர். இறங்குவதற்கு இருப்பது கோயில் மேடு ஒன்றுதான். அதற்கு அந்தப் பனைக்கு மேலே நடந்துதான் போக வேண்டும். ஓடுங்கள் என்று நான் கத்தினால் இத்தனை பேரும் குழந்தைகளும் அந்த வழுக்கலில், டிராக்டர் மறித்து நிற்கிற கரையில், ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். பாதிப் பேர் ஏரியில் விழுவார்கள். கத்தாமல் இருந்தால் நான் நிற்கும்வரை அவர்களும் நிற்பார்கள். நான் இறங்காமல் ஒருவரும் இறங்க மாட்டார்கள். பானையோ பொங்கவில்லை.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எத்தனையோ பஞ்சாயத்தில் பேசியிருக்கிறேன், எதிராளி வாயடைத்துப் போகும்படி பேசியிருக்கிறேன். அன்று என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கால் நடுங்குவது வேட்டிக்கு வெளியே தெரியும் என்று பயந்து அடுப்பருகில் குந்தி உட்கார்ந்தேன்.

செல்லக்கனி தென்னங்கீற்றை அடுப்பில் சொருகுகிற பாவனையில் பக்கத்தில் வந்து குனிந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தாள்.

"மாமா, அந்தப் பனைக்குக் கீழ வார தண்ணி எப்பவும் இப்படிச் செகப்பாத்தான் வருமா?"

நான் அவளையும் பனையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"வாயைத் தொறக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க."

இல்லை என்று ஆட்டினேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நான் பேசலாமா, மாமா?"

அந்த நேரத்திலும் அவள் கேட்டாள். வாக்குக் கொடுத்தவள் அல்லவா. நான் பானையைப் பார்த்தேன். ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டு அது அப்படியே இருந்தது. பேசு என்று தலையை ஆட்டினேன்.

அவள் எழுந்து போய் டிராக்டர் மேல் இருந்த மைக்கை எடுத்தாள். பாட்டை நிறுத்தச் சொன்னாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் கேட்க விரும்பாத ஒன்று என்று ஆரம்பிக்கப் போகிறாள், இவர்கள் ஓடப் போகிறார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் அப்படி ஆரம்பிக்கவில்லை. பருப்பு விலை கேட்கிற அந்தக் குரலில் பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. விறகு நனைஞ்சு போச்சு. மாமா பானையைக் கோயில் மேட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுதாவ. அங்க வச்சு எரிப்போம். வழக்கமாப் போறாப்பலதான். முதல் வீடு முன்னால நடக்கும். யாரும் அவுகளைத் தாண்டப்பிடாது. யாரும் ஓடப்பிடாது."

சின்னப்பையன் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"பொங்காத பானைய எறக்கினா இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியுமா? எந்த ஊருப் பொண்ணு நீ?"

"வெளியூருதான் சித்தப்பா. அதனாலதான் உங்களைக் கேக்கேன். முதல் வீட்டுக்குப் பின்னால யாரு நிக்கணும்?"

"எங்க வூடுதான் நிக்கணும். இது ஊருக்கே தெரியும்."

"அப்ப உங்க இடத்துல நில்லுங்க சித்தப்பா. நீங்க நின்னாத்தான மத்தவுகளுக்கு அவுக இடம் தெரியும்."

அவன் ஒரு முறை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். முதுகை நிமிர்த்திக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றான். மைக்கில் தன் வீட்டின் இடத்தைச் சொன்னது அவனுக்குப் போதுமாக இருந்தது. அல்லது என் வீடு கவிழ்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று நினைத்தானோ என்னவோ. டிராக்டரை எடுக்கட்டுமா என்று அவன் மகன் கேட்டதற்கு, அது அங்கேயே நிற்கட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று செல்லக்கனி சொல்லிவிட்டாள். அதன் பாரம் பனைக்கு மேலே ஏறக் கூடாது என்று அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது.

இனி நான்தான் செய்ய வேண்டும். தாயாரம்மாள் என் தலையில் துணியைக் கட்டினாள். ஏன் இப்படி நடுங்குகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். குளிர் என்றேன். என் அப்பா, அவருடைய அப்பா, ஒருவரும் செய்யாததைச் செய்தேன். பொங்காத பானையை அடுப்பிலிருந்து இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மெதுவாக நடக்க வேண்டும். நான் வேகமாக நடந்தால் பின்னால் இருப்பவர்கள் ஓடுவார்கள். மண் காலுக்கடியில் சேறாகப் பிதுங்கியது. வலது பக்கம் ஏரி காலைத் தொடுகிற மாதிரி தளும்பியது. இடது பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். பனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காலையில் அது நேராக நின்றது. அதற்கு மேலே வந்தபோது கரை லேசாக அதிர்வது போல் இருந்தது. அது கரையா என் காலா என்று சொல்ல முடியாது. முன்னால் போகிறவனுக்குக் கோயில் மேடு அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

பின்னால் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்துகொண்டே இருந்தது. கிளியம்மாள் அக்கா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வழுக்குகிறது. சித்தப்பா, உங்களுக்குப் பின்னால் இடைவெளி விழுகிறது பாருங்கள். லைனில் நின்று வேலை சொல்கிற மாதிரி ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் கேட்கும்வரை கரை நிற்கிறது என்று நான் பிடித்துக்கொண்டேன். வேறு எதையும் நினைக்கவில்லை. அந்தக் குரலின் மேல் நடப்பது போல் நடந்தேன்.

கோயில் மேட்டில் முதல் படியில் கால் வைத்தபோது அந்தக் குரல் நின்றது.

பானையைச் சுமந்து வருகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் திரும்பினேன். மழையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. குடைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் என்னைச் சுற்றி மேட்டில் ஏறினார்கள். வரிசையின் கடைசியைத் தேடினேன். டிராக்டர் தனியாக நின்றது. அவளைக் காணவில்லை. செல்லக்கனி என்று கூப்பிட்டேன். இப்போது மட்டும் சத்தம் வந்தது, மேட்டில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையில் பானை இருந்தது எனக்கு நினைவே இல்லை. தாயாரம்மாள்தான் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

கடைசிக் குடைக்குப் பின்னால் அவள் வந்தாள். இரண்டு கையிலும் யார் யாருடையதோ செருப்புகள். எல்லோரும் பனையைத் தாண்டியதைப் பார்த்துவிட்டு மைக்கை வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்திருக்கிறாள். அவள் மேட்டில் ஏறி நின்றாள். செருப்புகளைக் கீழே போட்டாள். உட்கார்ந்துவிட்டாள். அவள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் பனை விழுந்தது. அதன் பின்னாலேயே கரை உள்வாங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, ஈர மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு தண்ணீர் போகிற சத்தம்தான். பிளவு அகலமாகிக்கொண்டே போய் டிராக்டர் நின்ற இடத்தைத் தொட்டது. அது சாய்ந்து, ஸ்பீக்கரோடு உள்ளே போயிற்று. கீழே குடோன் மதில் அப்படியே படுத்தது. கீழ்த்தெரு வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. அந்த வீடுகளில் ஆள் இல்லை. எல்லோரும் மேட்டில் நின்றார்கள். சின்னப்பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தண்ணீர் வடிந்து, கரையில் மண்மூட்டை அடுக்கி முடித்த பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். உயிர் பிழைத்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். செல்லக்கனியை நல்லபடியாகச் சொன்னார்கள். கடைசியில் பெரியவர் ஒருவர், வழக்கம் வழக்கம்தானே, பொங்காத பானையை இறக்கினால் இறக்கினதுதான் என்றார். அடுத்த முறை ஏரி நிரம்பும்போது சின்னப்பையன் வீட்டுப் பானை முன்னால் போகும் என்று முடிவாயிற்று. சின்னப்பையன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் கெஞ்சுவதாக ஆகும்.

மார்கழியில் படப்பைக் கல்லூரி மறுபடி திறந்தது. கம்பெனி கேண்டீனில் செல்லக்கனியால் பேச முடியவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு ஷிப்டுகள் மாறி, ஓ.டி. மேல் ஓ.டி. போட்டிருந்தார்கள். கரையில் பேசியதையே பரீட்சையாக எடுத்துக்கொள்கிறேன், ஆனால் கேட்டவர் ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று ராஜாமணி அம்மா சொல்லியிருந்தாராம். கிளியம்மாள் வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். செல்லக்கனி போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். இன்று யாரும் வரவில்லையென்றால் ஒரு வருஷப் படிப்பு போச்சு என்று தாயாரம்மாள் என் காதில் விழும்படி சொன்னாள். செல்லக்கனி என்னைக் கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஷேர் ஆட்டோவில் அவள் முன் சீட்டிலும் நான் பின்னாலும் உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் நான் ஏன் கிளம்பினேன் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

சின்ன ஹால்தான். கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. ராஜாமணி அம்மா என்னை மேலே கூப்பிட்டு மைக்கின் முன் நிறுத்தினார்.

"இவங்க பேச்சைக் கேட்டு நீங்க என்ன செஞ்சீங்க, ஐயா?"

நாக்கு மறுபடியும் மேலே ஒட்டிக்கொண்டது. கால் நடுங்க ஆரம்பித்தது. இங்கே குந்தி உட்காருவதற்கு அடுப்பு இல்லை. ஊருக்குள்ளேயே இருந்ததை, முகம் தெரியாதவர்கள் நடுவில், என் வாயாலேயே சொல்ல வேண்டும். முன்வரிசையில் செல்லக்கனி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பயந்துகொண்டே பேசுவதற்கு என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. மைக் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"நான் வரதராஜுலு. எங்க ஊர்ல முதல் வீடு எங்களுது," என்றேன். ஸ்பீக்கரில் என் குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "எங்களுதா இருந்தது."

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பொங்காத பானையை இறக்கினேன்," என்றேன்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. ராஜாமணி அம்மா புரியாமல் என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தது. உட்காராமல், ஏரி நிரம்பும் வருஷத்தில் எங்கள் ஊரில் என்ன செய்வோம் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.